வியாழக்கிழமை ஒரு பக்கம்

லொரெட்டா விட்டெக்கைப் பற்றிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் அவளுடைய தொண்டையைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கால்டரில் பெரிய தொண்டைக்குப் பஞ்சமே கிடையாது, எங்கள் பாதிரியார் ஒருவரே போதும். லொரெட்டாவிடம் இருப்பது கண். இருநூறு பேர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதில் எவன் கன்றுக்கு விலை கேட்கிறான், எவன் சும்மா வெயிலுக்கு ஒதுங்கியவன் என்று அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

நான் வெர்லா. கால்டர் மாட்டு ஏலக் கொட்டகையில் மேடைமேல் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, எந்த மாடு வாங்குகிறவர்களில் எந்த எண்காரருக்குப் போனது என்று சீட்டெழுதுகிறவள். பத்தொன்பது வருடமாக வியாழன்தோறும் அவளுடைய முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டிருக்கிறது. அவளைப் பற்றிச் சொல்ல மற்றவர்களைவிட எனக்கு உரிமை அதிகம். இல்லை என்பவர்கள் அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.

நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்து ஆண்கள் எதையும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். மாடு வேண்டுமென்றாலும் அப்படித்தான். ஒருவர் தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவார். ஒருவர் பென்சிலை அரை அங்குலம் தூக்குவார். டுவேன் ஆல்பர்ஸ் அதுகூடச் செய்ய மாட்டான், பார்ப்பான், அவ்வளவுதான். அவன் கண் லொரெட்டாவின் முகத்தில் இருக்கிறவரை விலை கேட்கிறான் என்று அர்த்தம். பார்வையை நோட்டுப் புத்தகத்துக்கு இறக்கிவிட்டால் விலகிவிட்டான். கன்றுகளைக் கொழுக்க வைக்கிற பெரிய தீவனப் பட்டிகளுக்கெல்லாம் மாடு பிடிக்கிறவன் அவன். ஏலத்துக்கு வருகிற மூன்றில் ஒரு கன்று அவனுக்குத்தான் போகும். ஆகவே அந்தக் கண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைக்கு இந்த மாவட்டத்துக்கு நல்ல சாப்பாடா இல்லையா என்பது. பள்ளிக்கூட வாரியத்துக்கும் அவன்தான் தலைவன்.

லொரெட்டா ஏலம் விடுகிறவளாக ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பத்தைந்தாம் வருடம் பிப்ரவரியில் அவளுடைய அப்பா இறந்தார். அவளுக்குப் பதினான்கு வயது. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கை தவறிவிட்டது என்று ஊர் சொன்னது. ஏப்ரலில் வங்கி கடனுக்காக அவர்கள் பண்ணையை ஏலத்துக்கு விட்டது. வெளியூரிலிருந்து வந்த ஏலக்காரர் மைக்கோடு ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, உழுகலப்பையிலிருந்து அம்மாவின் ஊறுகாய் ஜாடிவரை ஒன்றுவிடாமல் விற்றார். நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தி இந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. வாங்க வந்த அண்டை அயலாரும் சொல்லவில்லை. "அந்த மைக் ஒரு நிமிஷம் என் கையில இருந்திருந்தா" என்று லொரெட்டா ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதற்காகவே அயோவாவில் ஏலம் விடக் கற்றுத்தருகிற பள்ளிக்குப் போனாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். காரில் போகும்போதெல்லாம் வேலிக் கம்பங்களுக்கு விலை கூவிக்கூவி நாக்கைப் பழக்கினாள். கடைசியில் கால்டர் கொட்டகையின் முதலாளி மெர்ல் கோஹட் அவளை மேடையேற்றினார். முதல் வருடம் பொம்பளை ஏலம் விட்டால் மாடு பால் கொடுக்காது என்றெல்லாம் பேசினார்கள். இரண்டாம் வருடம் பேசியவர்கள் மாட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

அப்புறம் புத்தகம். மாடு குறைவாக வரும் குளிர்கால மாதங்களில், ஆறு குளிர்காலம் உட்கார்ந்து எழுதினாள். நூற்று நாற்பது பக்கம். பெயர் 'துடைக்காத துப்பாக்கி'. லிங்கன் நகரத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. அவளுடைய அப்பா துப்பாக்கியைத் துடைக்கவில்லை, அந்த வருடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிச் செத்த எவரும் துடைக்கவில்லை, நாம் எல்லோரும் சேர்ந்து பொய் சொன்னோம் என்பதுதான் புத்தகம். யார் பெயரும் கிடையாது. பெயர் எதற்கு? கால்டரில் ஒரு நாயைப் பற்றி எழுதினாலே யார் வீட்டு நாய் என்று சொல்லிவிடுவார்கள்.

உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் இரண்டு பிரதி வாங்கிப் போட்டார்கள். வரிசையில் நின்று பிள்ளைகள் படித்தார்கள். செப்டம்பரில் பள்ளிக்கூட வாரியம் கூடி, பிள்ளைகள் மனதைக் கலங்கடிக்கும் புத்தகம் என்று தீர்மானம் போட்டு எடுத்துவிட்டது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் டுவேன். அவன் சொன்ன காரணம் பிள்ளைகள். உண்மையான காரணம் எண்பத்தெட்டாம் பக்கம். அதில் அவனுடைய அண்ணன் இருந்தான். இது எனக்குத் தெரியும், மெர்லுக்குத் தெரியும், வாரியத்தில் கை தூக்கிய அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் கூட்டக் குறிப்பில் பிள்ளைகள் என்றுதான் இருக்கிறது.

அந்தச் செய்தி பத்திரிகையில் வந்ததும் ஓமாஹாவிலிருந்து லொரெட்டாவுக்கு அழைப்பு வந்தது. வருடத்தில் ஒரு வாரம், பல இடங்களில் தடைசெய்யப்பட்ட புத்தகங்களை எழுதியவர்களே மேடையேறிப் படிக்கிறார்கள். ஓமாஹா நூலகத்தில் பெரிய அரங்கு, நல்ல நாற்காலி, கைதட்டக் கூட்டம். லொரெட்டா ஒரு தபால் அட்டையில் பதில் எழுதினாள். "ஓமாஹாவில் என் புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை. எடுத்த ஊரில் படிக்கிறேன். அழைப்புக்கு நன்றி."

எனக்கு வயிற்றெரிச்சல். ஓமாஹா போயிருந்தால் கூடவே நானும் போய் ஒரு நல்ல ஹோட்டலில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருப்பேன்.

கால்டர் பொது நூலகத்தில் வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு அறை கேட்டாள், கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, அறை இல்லை என்று தொலைபேசி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் நேரில் போனோம். அறையில் மெத்தை விரிப்புத் தைக்கிற பெண்கள் பன்னிரண்டு பேர் உலர்ந்த தரையில் துணியைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"குழாய் எங்க உடைஞ்சுது?" என்று லொரெட்டா கேட்டாள்.

நூலகத்துப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "வியாழக்கிழமைதான் உடையப்போகுதாம் லொரெட்டா. இன்னும் நாள் இருக்கு."

திரும்பும்போது வண்டியில் அவள் வேலிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "என்கிட்டதான் ஒரு மைக் இருக்கே வெர்லா" என்றாள்.

"வேணாம்டி. மெர்ல் உன்னை வெளிய தள்ளிடுவார். உனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"வேலிக் கம்பத்துக்கு ஏலம் விடத் தெரியும்" என்றாள்.

அவள் மெர்லிடம் மறைக்கவும் இல்லை. அலுவலகத்துக்குப் போய் நேராகச் சொன்னாள். மெர்லுக்கு எழுபத்திரண்டு வயது. கத்த மாட்டார், கத்துவதைவிட மோசமாக மெதுவாகப் பேசுவார்.

"அந்த மைக் மாடு விக்கறதுக்கு."

"மாடும் விப்பேன். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரே ஒரு பக்கம். அவ்வளவுதான்."

"டுவேன் எழுந்து போயிட்டான்னா கன்னுக்குட்டி எவன் வாங்குவான்? நீ வாங்குவியா? படிச்சேன்னா அடுத்த வியாழன் அந்த நாற்காலில வேற ஆளு உக்காந்திருப்பான். நான் சொல்லிட்டேன்."

"நானும் சொல்லிட்டேன்" என்று வெளியே வந்துவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை ஆயிரத்து எண்ணூறு கன்று வந்திருந்தது. அக்டோபரில் பால் மறக்கடித்த கன்றுகள் தாயைத் தேடிக் கத்துகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. காலையில் மளமளவென்று விற்றாள். மத்தியானம் கொட்டகைச் சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் சில்லி என்கிற கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் தின்றுவிட்டு வந்து பழைய இடங்களில் உட்கார்ந்தார்கள். ஒரு மணிக்கு அவள் கீழே பார்த்து, "கால், கதவச் சாத்து" என்றாள். கால் என்பவர் வட்டத்துக்குள் நின்று, விலை கேட்கிறவர்களைக் கண்டுபிடித்து 'யெப்' என்று கத்துகிறவர். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். முப்பது வருடமாகக் கத்தியதில் வீட்டில் மனைவி உப்பைக் கேட்டாலும் 'யெப்' என்பார் என்று சொல்வார்கள். அவர் கதவைச் சாத்தினார். மரத்தூள் போட்ட வட்டம் காலியாக இருந்தது. லொரெட்டா மேலங்கிப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.  

"இது என் புத்தகம். உங்க பிள்ளைங்க படிக்கக் கூடாதுன்னு வச்சிருக்கீங்க. நீங்க கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படித்தாள்.

"என் அப்பா எதையும் துடைக்கிற ஆள் இல்லை. மண்வெட்டி மண்ணோடு கிடக்கும், வாளி பாலோடு கிடக்கும். அம்மா அதற்காகவே தினமும் சண்டை போடுவாள். அந்தப் பிப்ரவரிக் காலையில் மட்டும் அவர் துப்பாக்கியைத் துடைத்தார் என்று ஷெரிஃப் எழுதினார், பாதிரியார் சொன்னார், ஊர் சொன்னது, நாங்களும் தலையாட்டினோம்."

இந்த இடத்தில் மெர்ல் அலுவலகத்திலிருந்து மைக்கை நிறுத்தினார். கொர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. லொரெட்டா ஒரு கணம் மைக்கைப் பார்த்தாள். அதை மடக்கி ஒதுக்கிவிட்டு எழுந்து நின்றாள். சரி, தொண்டையைப் பற்றி ஊர் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். வெளியே பட்டியில் கத்திக்கொண்டிருந்த கன்றுகளுக்கும் மேலே அவள் குரல் கூரையில் போய் முட்டியது.

"அவர் தவறிச் சாகவில்லை. தாங்க முடியாமல் செத்தார். தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இந்த ஊரில் ஓர் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து அறையில் நான் இருந்தேன். நானும் அவரைக் கேட்கவில்லை."

டுவேன் எழுந்தான். "நாங்க மாடு வாங்க வந்தோம் லொரெட்டா."

"உக்காரு டுவேன். மாடு ஓடிப்போகாது."

அவன் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. லொரெட்டா புத்தகத்தை மூடினாள். அவ்வளவுதான் முடிந்துவிட்டது, இனி மாட்டை விடச் சொல்வாள் என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் கூட்டத்தை ஒரு முறை மெதுவாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உங்கள்ல யாரு வீட்ல துப்பாக்கி துடைச்சாங்க? வாயால சொல்ல வேணாம், உங்களுக்கு அது வராது. எப்பவும் எனக்குச் சொல்ற மாதிரியே சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

ஒன்றும் அசையவில்லை. எனக்கு அவள்மேல் கோபமே வந்தது. இந்த மனிதர்களிடம் போய் இதைக் கேட்கிறாளே, இவர்கள் பல்வலி என்றுகூடச் சொல்ல மாட்டார்களே என்று.

அப்போது கால் "யெப்" என்று கத்தினார்.

பழக்கம். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் தொப்பி விளிம்பைத் தொட்டிருக்கிறார், இவருடைய கண் பார்த்திருக்கிறது, வாய் கத்திவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கால் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவருடைய முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்தக் கிழவர் கையை இறக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்பது போல விரலைத் தொப்பி விளிம்பிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வலது ஓரத்தில் ஒரு பென்சில் உயர்ந்தது. கதவருகே ஒருவர் முழங்காலிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். பின்வரிசையில் இரண்டு சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள். கால் பொத்திய கையை எடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் "யெப்" என்றார். கத்தவில்லை, சர்ச்சில் ஆமென் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். நானும் என்னை அறியாமல் சீட்டில் அவரவர் எண்ணை எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். முடிந்தபோது பதினோரு எண்கள் இருந்தன. அழுதுகொண்டே எழுதியதால் கடைசி இரண்டும் கலங்கிவிட்டன.

லொரெட்டா கடைசியாக டுவேனைப் பார்த்தாள். அவன் பார்வையை நோட்டுக்கு இறக்கி, நோட்டை மூடி, வெளியே போய்விட்டான்.

மெர்ல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த வியாழன் கெர்னி என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். நல்ல பையன், பளபளவென்று பூட்ஸ். பத்து மணிக்கு ஏலம் ஆரம்பிக்க வேண்டும். பார்த்தால் இருக்கைகள் காலி. அந்தப் பதினோரு பேரும், அவர்களோடு இன்னும் அறுபது எழுபது பேரும் சாப்பாட்டுக் கடையில் காப்பிக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கோரவில்லை, கோஷமும் இல்லை. வானிலையைப் பற்றிப் பேசினார்கள். கடையின் மூலையில் லொரெட்டா உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தாள். பத்தேகாலுக்கு மெர்ல் உள்ளே வந்தார்.

"காப்பி அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று ஒருவரைக் கேட்டார்.

"மோசமாத்தான் இருக்கு மெர்ல். ஆனா நிறைய இருக்கு."

மெர்ல் லொரெட்டாவின் மேசைக்குப் போனார். "சரி, மேல போ."

"வாராவாரம் ஒரு பக்கம்" என்றாள் அவள், முட்டையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அரைப் பக்கம்."

"ஒரு பக்கம். மைக்கோட."

மெர்ல் எழுபத்திரண்டு வருடத்தில் எவ்வளவோ பேரம் பார்த்தவர். தோற்ற பேரத்தில் நேரத்தை வீணாக்க மாட்டார். கெர்னிக்காரப் பையனுக்கு ஒரு ரொட்டிச் சுருளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இப்படித்தான் வியாழக்கிழமை ஒரு பக்கம் என்பது ஆரம்பித்தது. வரிசையாகப் படிக்க மாட்டாள், அன்றைக்குத் தோன்றுகிற பக்கம். மூன்றாவது வாரம் கொட்டகை வாசலில் மஞ்சள் பள்ளிப் பேருந்து வந்து நின்றது. விவசாய வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளோடு இறங்கினார். மாட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிடப் பயிற்சியாம். அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறதாம். சரியாக ஒரு மணிக்குப் பயிற்சி. பதினேழு வயதுப் பிள்ளைகள் மேல்வரிசையில் உட்கார்ந்து, தங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தைத் தாத்தாக்களோடு சேர்ந்து கேட்டார்கள். எனக்கு அன்றைக்கு வந்த சிரிப்பில் ஒரு சீட்டே தப்பாகிவிட்டது.

டுவேன் வராமல் இருக்க முடியாது, அவனுக்குக் கன்று வேண்டும். ஒரு மணி ஆனதும் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். பக்கம் முடிந்து கதவு திறந்த பிறகுதான் நிமிர்வான். வாரியத்தில் புத்தகத்தைத் திரும்ப வைக்கச் சொல்லி பெற்றோர் சிலர் அக்டோபரில் ஒரு முறை கேட்டார்கள், நவம்பரில் ஒரு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் அவன் கை தூக்கவில்லை. அவன் தூக்காததால் மற்றவர்களும் தூக்கவில்லை.

டிசம்பர் முதல் வியாழன், சினை மாடுகள் ஏலம். வெளியே காற்று முகத்தை அறுத்தது. மேடை ஏறும்போதே லொரெட்டாவின் புத்தகத்தில் எந்த இடத்தில் அட்டைத் துண்டு செருகியிருக்கிறது என்று பார்த்துவிட்டேன். நான் அந்தப் புத்தகத்தை நாலு தடவை படித்தவள்.

"அது வேணாம்" என்றேன். "வேற எதுவேணா படி. அவன் பண்ணினது தப்புதான். அதுக்காக இருநூறு பேர் முன்னாடி அவன் அண்ணனை எடுத்துக் கடை பரப்பணுமா?"

"கடை பரப்பல வெர்லா. இந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நூத்தி நாப்பது பக்கத்தையும் தூக்கினான். இத விட்டுட்டு மத்ததப் படிச்சா, அவன் செஞ்சத நானும் செஞ்ச மாதிரிதான்."

"அப்ப அவன்கிட்ட கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். "கேக்கத்தான் போறேன்."

ஒரு மணிக்கு வட்டம் காலியானது. மேல்வரிசையில் பிள்ளைகள் நொறுக்குத் தீனிப் பைகளைக் கீழே வைத்தார்கள். லொரெட்டா புத்தகத்தைப் பிரித்தாள், ஆனால் படிக்கவில்லை. டுவேனைப் பார்த்தாள். ஒரு நல்ல மாட்டுக்குக் கடைசி ஆளின் பதிலுக்காகக் காத்திருப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. அவன் நோட்டைப் பார்த்துக் குனிந்திருந்தான். அரை நிமிடம் போயிருக்கும். சத்தம் வரவில்லையே என்று நிமிர்ந்தான். அவள் கண்ணைச் சந்தித்தான். அவள் பக்கத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினாள், எந்தப் பக்கம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இப்போது குனிவான் என்று நான் நினைத்தேன். அவன் குனியவில்லை.

லொரெட்டா இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். அவன் கண் அங்கேயே இருந்தது. அவள் படித்தாள், இந்த முறை சத்தமாக இல்லை.

"அடுத்த பண்ணையில் ஒரு பையன் இருந்தான். டிராக்டர் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி சீட்டியடிப்பான். பத்தொன்பது வயது. அதே வருடம் எங்கள் பண்ணை ஏலத்துக்கு முந்தைய வாரம் அவர்கள் வீட்டிலும் துப்பாக்கி துடைத்தார்கள். மறுநாள் காலையில் நான் வேலியோரம் போய் நின்றேன். டிராக்டர் வந்தது. அவனுடைய தம்பி ஓட்டிவந்தான். என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் அண்ணனைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், என் அப்பாவைப் பற்றி அவனும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மழை வருமா என்று கேட்டான். வராது என்றேன்."

பக்கம் அதோடு முடிகிறது.  கால் தரையைப் பார்த்து நின்றார். கதவைத் திறக்கச் சொல்ல லொரெட்டா கையைத் தூக்கினாள்.

"இருபது" என்றான் டுவேன்.

விலை சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இத்தனை வருடத்தில் அந்த இருக்கையிலிருந்து அவன் வாய் திறந்து நான் கேட்ட எண் அது ஒன்றுதான்.

"அவனுக்குப் பத்தொம்பது இல்ல" என்றான். குரல் சரியாக வரவில்லை, இருந்தாலும் நிறுத்தவில்லை. "இருபது. முந்தின நாள்தான் இருபது முடிஞ்சுது. அம்மா கேக் செஞ்சிருந்தாங்க. பாதி மிச்சம் இருந்துது. நீ தப்பா எழுதியிருக்க."

லொரெட்டா என் பக்கம் கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே இன்னொன்றை எழுதினாள். எல்லோரும் பார்க்கும்படி நிதானமாக எழுதினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. பிறகு மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

"என் பிரதியில திருத்திட்டேன் டுவேன். பள்ளிக்கூடத்துப் பிரதி ரெண்டுலயும் இன்னும் பத்தொம்பதுன்னுதான் இருக்கு. அதையும் திருத்தணும். வெளிய எடுத்து வை."

மேல்வரிசையில் பிள்ளைகள் எல்லோரும் அவன் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பவில்லை. நோட்டைத் திறந்தான், மூடினான். பார்வை மட்டும் லொரெட்டாவின் முகத்திலிருந்து நகரவேயில்லை.

"திங்கக்கிழமை வாரியம் கூடுது" என்றான்.

லொரெட்டா தலையாட்டினாள். கீழே நின்ற கால் பக்கம் திரும்பி, மாட்டை உள்ளே விடச் சொன்னாள்.